பதினான்காம் அறைத் தீவின் திறைசேரிச் செயலாளர்

1

மொன்றியலுக்கு வந்து ஐந்து வருடம் நிறைந்த நாள் போன கிழமை வந்து போனது. வீட்டில் யாருக்கும் அது நினைவில்லை. நானும் சொல்லவில்லை. அன்று யாரோடாவது கதைக்க வேண்டும் போல இருந்ததால், மேசை லாச்சிக்குள் கிடந்த கோலிங் கார்ட் ஒன்றைச் சுரண்டி ஊருக்கு எடுத்தேன். சிவசம்பு கிடைத்தான். வடக்கில் ஒரு கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், நானும் அவனும் இருபத்திரண்டு வருடம் எதிரெதிர் மேசைகளில் இருந்து எழுதுவினைஞர் வேலை பார்த்தவர்கள். பாதை பூட்டியது, சாமான் விலை, செத்தவர்கள் பெயர் எல்லாம் சொல்லி முடித்துவிட்டு அவன் கேட்டான்.

"உங்கை வயசுபோன ஆக்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் சும்மா காசு குடுக்குதாமே. உண்மையோ?"

"ஆர் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்லினம். நீ ஏன்ரா மறைக்கிறாய்?"

நான் பதில் சொல்லத் தொடங்க, கார்ட் முடிந்துவிட்டது.

அவனைப் போலவே ஊரில் உங்களில் பலரும் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். எனவே நேரான பதிலை முதலில் எழுதிவிடுகிறேன். என்னை ஸ்பொன்சர் செய்து இங்கே எடுத்தவன் என் மகன் ஜெராட். எடுக்கும்போது அவன் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வைத்தான். பத்து வருடத்துக்கு இந்த மனிதரின் சாப்பாடும் உடுப்பும் இருப்பிடமும் என் பொறுப்பு, இவர் அரசாங்கத்திடம் வெல்பெயர் என்ற உதவிப் பணம் எடுத்தால் அதை நான் திருப்பிக் கட்டுவேன் என்று அதில் இருக்கிறது. முதியோர் பென்சன் எடுக்கவும் பத்து வருடம் இந்த நாட்டில் இருந்திருக்க வேண்டும். ஆகவே எனக்கு யாரும் ஒன்றும் தருவதில்லை.

ஆனால் போன பனிக்காலத்தில், நான் வெல்பெயர் கேட்டேன் என்று நாங்கள் இருக்கும் பார்க் எக்ஸ்டென்ஷன் முழுக்க ஒரு கதை உலாவியது. அதையும் எழுதினால்தான் சிவசம்புவுக்குச் சொல்லும் பதில் முழுமையாகும்.

2

எங்கள் வீடு மூன்றாம் மாடியில். இங்கே படிக்கட்டு வீட்டுக்கு வெளியே, இரும்பில், வளைந்து வளைந்து ஏறும். பனிக்காலத்தில் அதில் ஏறுவதும் இறங்குவதும் ஒரு வேலை. அதற்காகவே வயதானவர்கள் பலர் கார்த்திகையில் உள்ளே போனால் சித்திரையில்தான் வெளியே வருகிறார்கள்.

ஜெராட்டுக்குச் சென்ட் லோரன்டில் ஒரு மருந்துக் களஞ்சியத்தில் வேலை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வீட்டை விட்டுப் போனால், அவன் திரும்பும்போது நான் படுத்துப் பல மணி நேரம் ஆகியிருக்கும். மருமகள் நிர்மலா காலை ஆறு மணிக்கே பாண் தொழிற்சாலைக்குப் போய்விடுவாள். பேத்தி ஷெரினுக்குப் பன்னிரண்டு வயது. சின்னவள் கார்தெரிக்குப் போகிறாள். இங்கே குழந்தைகள் காப்பகத்துக்கு அப்படித்தான் சொல்கிறார்கள். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் என் சாப்பாட்டுப் பெட்டியில் 'மாமா' என்று நிர்மலா எழுதி ஒட்டியிருப்பாள். மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். குறை சொல்ல ஒன்றும் இல்லை. சோறு சூடாக இருக்கும், வீடு சூடாக இருக்கும், கறியில் உறைப்பும் அளவாக இருக்கும். சில நாள் மாலை நாலு மணிக்குத் தொலைபேசி அடித்து நான் எடுத்து "ஹலோ" என்று சொல்லும்போது குரல் அடைத்துப் போயிருக்கும். காலையிலிருந்து அதுதான் முதல் சொல்.

நிர்மலாதான் என்னைப் பிரெஞ்சு வகுப்பில் சேர்த்துவிட்டாள். "வீட்டுக்குள்ளையே இருந்தா வருத்தம் வந்திடும் மாமா" என்றாள். பழைய பள்ளிக்கூடம் ஒன்றின் நிலக்கீழ் மாடியில் பதினான்காம் இலக்க அறை. ஈரச் சப்பாத்தும் கம்பளிக் காலுறையும் சேர்ந்து ஒரு வாசம் அடிக்கும். ஆசிரியை சில்விக்கு என் மருமகளின் வயதுதான் இருக்கும். முதல் நாள் எல்லோரும் எழுந்து தங்களைச் சொல்ல வேண்டியிருந்தது. ஓய்வுபெற்றவன் என்பதற்கு 'ரெத்ரெத்தே' என்று வரவேண்டும். நான் சொன்னது 'ரெதார்தே'. அதற்குப் பிந்திப்போனவன் என்று பொருளாம். மந்தபுத்திக்காரன் என்றும் சொல்லலாமாம். சில்வி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு திருத்தினாள். வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தேன். எழுபது வயதில் வேற்றுமொழியின் அரிச்சுவடியோடு உட்கார்ந்திருப்பவனுக்கு நான் சொன்னதும் பொருந்தித்தான் இருந்தது.

ஆனாலும் எனக்கு அந்த அறை பிடித்துவிட்டது. காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை யாராவது என்னிடம் ஏதாவது கேட்பார்கள். நேற்று என்ன சாப்பிட்டீர்கள், உங்கள் ஊரில் மழை பெய்யுமா, உங்கள் மேற்சட்டை என்ன நிறம் என்று. கேள்விகள் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்குரியவைதான். நான் ஒவ்வொன்றுக்கும் நீளமாகப் பதில் சொன்னேன்.

ஒரு கணக்கு மட்டும் பிழையாகியது. நான் எட்டரைக்கு வகுப்புக்கு வெளிக்கிடும்போது ஜெராட் நித்திரை. வகுப்பு முடிந்து நான் படியேறி வரும்போது அவன் வேலைக்குப் போய்விட்டிருப்பான். சனிக்கிழமையும் அவனுக்கு வேலை. ஞாயிறு மாதா கோயில், கடை, உடுப்புத் தோய்ப்பு. ஒரே கூரையின் கீழ் இருந்துகொண்டே நாங்கள் இருவரும் கிழமைக் கணக்காக முகம் பார்க்காமல் இருந்தோம்.

3

தை மாதக் கடைசியில், 'இப்படியானால் அப்படிச் செய்யலாம்' என்று பிரெஞ்சில் வாதாடுவதற்கான வினைச்சொற்களைச் சில்வி படிப்பித்தாள். வெறும் வாய்ப்பாடாகச் சொல்லிக்கொடுத்தால் எங்களுக்கு நித்திரை வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். வகுப்பைச் சுற்றிப் பார்த்தாள். வியட்நாம், அல்ஜீரியா, வங்காளதேசம், இலங்கை. ஏறக்குறைய எல்லோரும் ஒரு காலத்தில் யாரோ ஒரு ராசாவுக்கோ குடியரசுக்கோ குடியேற்ற நாடாக இருந்த இடங்களிலிருந்து வந்தவர்கள்.

"சரி, நாங்களும் ஒரு குடியேற்றத் தீவை வைத்துக்கொள்வோம்" என்று பலகையில் மாங்காய் போல ஒன்றைக் கீறினாள்.

பெயர் வைப்பதிலேயே அரைமணி நேரம் போனது. ஒவ்வொருவரும் தங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னார்கள். ஒருவர் சொன்னது மற்றவருக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் அறையின் இலக்கமே பெயராயிற்று. பதினான்காம் அறைத் தீவு. அங்கே கரும்பும் தென்னையும் விளையும். சில தோட்ட முதலாளிகள், நிறைய மீனவர்கள், ஒரு துறைமுகம். கடலுக்கு அப்பாலுள்ள ராசா ஒரு சதமும் அனுப்பமாட்டார். தீவின் செலவைத் தீவே பார்த்துக்கொள்ள வேண்டும். வருமானம் முக்கியமாகத் தலைவரிதான். ஆளுக்கு இவ்வளவு என்று முதலாளிக்கும் மீனவனுக்கும் ஒரே அளவு. சட்டசபையின் முன்னால் உள்ள கேள்வி இது: தலைவரியைக் கூட்டி, உழைக்க முடியாத முதியவர்களுக்கு மாதம் ஒரு தொகை கொடுக்கலாமா?

யாருக்கு எந்தப் பாத்திரம் என்று கம்பளித் தொப்பிக்குள் துண்டு போட்டு எடுத்தோம். அல்ஜீரியாவில் பஸ் ஓட்டிய ஸ்லிமான் ஆளுநர். யாழ்ப்பாணத்து றெஜினா, எங்கள் கோயிலுக்கே வருகிறவள், தோட்ட முதலாளிகளின் பிரதிநிதி. மதாம் லான் என்ற வியட்நாமியப் பெண்மணி துறைமுகத் தொகுதியின் உறுப்பினர். கேள்விக்கு ஆதரவாகப் பேச வேண்டியவர். என் துண்டைப் பிரித்தேன். திறைசேரிச் செயலாளர். தீவின் கஜானாவைக் காக்கிறவர்; எதிர்த்துப் பேச வேண்டும்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் நான் செய்த வேலையே அதுதானே. கச்சேரியில் என் மேசைக்கு வந்தவை வறியவர்களுக்கான மாதாந்த உதவிப் பணத்தின் விண்ணப்பங்கள். சனங்கள் அதற்கு வைத்த பெயர் பிச்சைச் சம்பளம். வெள்ளைக்காரன் விட்டுப்போன விதிகளின் மேல் எங்கள் ஆட்கள் இன்னும் சில விதிகளைச் சேர்த்து வைத்திருந்தார்கள். அவை எல்லாம் எனக்கு மனப்பாடம்.

பேச்சைத் தமிழில் எழுதினேன். பிரெஞ்சாக்க ஷெரினைக் கேட்டேன். மாட்டேன் என்பாள் என்றுதான் நினைத்தேன். வீட்டில் அவள் தங்கையோடு பிரெஞ்சு, சிநேகிதிகளோடு தொலைபேசியில் பிரெஞ்சு; என்னோடு "ஓம்", "இல்லை", "பசிக்கேல்லை". ஆனால் அன்று கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு குசினி மேசையில் வந்து இருந்தாள்.

"தலைவரி எண்டா என்ன அப்பப்பா? தலைக்கு வரியா?"

"ஓம்."

"தலை இருந்தாக் காசு கட்டோணுமா?"

"ஓம் பிள்ளை. ஆளுக்கு இவ்வளவெண்டு."

"முடி வெட்டினாக் குறையுமா?"

நான் சிரிக்க அவளும் சிரித்தாள். இரண்டு கிழமை, ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்து அரைமணி நேரம் என்னோடு இருந்தாள். அவள் பிரெஞ்சில் எழுதுவாள், அதன் உச்சரிப்பை நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வேன். பேச்சின் முடிவு இப்படி இருந்தது: 'எங்கள் தீவில் பெற்றோரைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். தகப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் அரசாங்கம் வந்து நிற்கக்கூடாது.' அவள் அதை இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டு, "இதுதான் நல்ல வசனம். இதை மெதுவாச் சொல்லுங்கோ" என்றாள்.

4

விவாத நாளன்று சில்வியின் சிவப்புச் சால்வையை ஸ்லிமான் ஆளுநர் பட்டி போல மார்புக்குக் குறுக்கே கட்டியிருந்தார். மேசையில் தட்டிச் சபையைத் தொடக்கினார். முதலில் என்னைத்தான் அழைத்தார்.

நான் நன்றாகப் பேசினேன். என் பிரெஞ்சை அல்ல, வாதத்தைச் சொல்கிறேன். திறைசேரி தன் கைக்கு வருவதைத்தான் செலவழிக்கலாம் என்றேன். தலைவரி முதலாளிக்கு ஒரு நேரத் தேநீரின் விலை, மீனவனுக்கு ஒரு கிழமை அரிசி. அதைக் கூட்டினால் ஏழை இளைஞனிடம் பறித்து ஏழைக் கிழவனுக்குக் கொடுப்பதாகத்தான் முடியும் என்றேன். அப்படியானால் முதலாளிகளிடம் கூடக் கேட்கலாமே என்று ஆளுநர் இழுத்தார். றெஜினா துள்ளி எழுந்து, "நாங்கள் கட்டமாட்டோம்! கப்பலில் ஏறி வீட்டுக்குப் போய்விடுவோம்!" என்று பிரெஞ்சில் கத்திவிட்டு, என் பக்கம் திரும்பித் தமிழில், "சரியாச் சொன்னனோ அண்ணை?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வசனத்தை ஷெரின் சொன்னபடியே மெதுவாகச் சொன்னேன். கை தட்டினார்கள். என் முகம் சூடாகியது. யாராவது எனக்குக் கைதட்டி எத்தனை வருடமோ.

பிறகு மதாம் லான் எழுந்தார். சின்ன உருவம், என்னைவிட ஓரிரு வயது குறைவாக இருக்கலாம். வகுப்பு முடிந்ததும் ஜான்-டலோன் சந்தைக்குப் போய் ஒரு கடையில் கீரை துப்புரவாக்கிக் கட்டுகிறவர். விரல் நுனிகள் வெடித்திருக்கும். கையில் கடதாசி ஒன்றும் இல்லை.

"என் அப்பா தலைவரி கட்டினார்" என்றார். "அதற்கு ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். தெருவில் மறித்துக் கேட்கும்போது சீட்டு இல்லாவிட்டால் அன்று அவர் வீட்டுக்கு வரமாட்டார். அரசாங்கத்துக்கு அவருடைய தலையை நன்றாகத் தெரியும். பெயர், வயது, எந்த ஊர் எல்லாம் தெரியும். செயலாளர் ஐயா, வரி வாங்கும்போது நீங்கள் எங்களை ஒவ்வொரு தலையாக எண்ணுகிறீர்கள். கொடுக்கச் சொன்னால் மட்டும் குடும்பம் குடும்பமாக எண்ணுகிறீர்கள். அது ஏன்?"

நான் கடதாசியைப் பார்த்தேன்.

"தலைக்கு வரி கூட்ட வேண்டாம். கரும்பு ஏற்றிப்போகும் கப்பலுக்கு வரி போடுங்கள்" என்றார். பிறகு சற்று நிறுத்தினார். வசனத்துக்குச் சொல் தேடுகிறார் என்று நினைத்துச் சில்வி உதவப் போனாள். அவர் கையால் வேண்டாம் என்றார்.

"மகன்கள் பார்ப்பார்கள் என்று சொன்னீர்கள். எனக்கு இரண்டு மகன்கள். நாங்கள் ஊரை விட்டுப் படகில் தப்பி வந்தோம். இரண்டு பேரும் கடலில். இப்போது சொல்லுங்கள் ஐயா, நான் யாருடைய பொறுப்பு?"

அவர் அழவில்லை. உட்கார்ந்து, குளிருக்குப் போலக் கையுறையை மாட்டிக்கொண்டார்.

எனக்கு அந்தக் கணத்தில் சவீனா நினைவுக்கு வந்தாள். கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து மூன்று தரம் என் மேசைக்கு வந்த மனுசி. பிச்சைச் சம்பளத்துக்கு எழுதிப் போட்டிருந்தாள். கிராம அதிகாரியின் அறிக்கையில் அவளுக்கு ஒரு மகன் இருப்பதாகப் பதிவு. மகன் வீட்டை விட்டுப் போய் வருடக்கணக்கு, செய்தியில்லை என்றாள். விதியில் 'செய்தியில்லை' என்று ஒரு வகை கிடையாது. "மகன் இருக்கிறார்தானே?" என்று கேட்டேன். "இருக்கிறான் எண்டு நீங்கள் சொன்னாச் சரி ஐயா. எங்கை எண்டு சொல்லுங்கோ, போய்க் கேக்கிறன்" என்றாள். அவள் வாய்க்காரி என்று எனக்குக் கோபம் வந்தது. 'பராமரிக்க மகன் உண்டு' என்று எழுதி விண்ணப்பக் கோவையை மூடினேன். சிவசம்புவோடு தேநீர் குடிக்கப் போனேன். நாலாம் தரம் அவள் வரவில்லை. நான் விதியை மீறவில்லை, யாரும் என்னைக் கேள்வி கேட்டதும் இல்லை.

தலைவரிக்குப் பதில் கப்பல் வரி என்ற திருத்தத்தோடு வாக்கெடுப்பு நடந்தது. ஆளுநருக்கு வாக்கில்லை. ஆதரவாக ஐந்து கை, எதிராக ஐந்து கை. நான் இன்னும் தூக்கவில்லை.

"செயலாளர்?" என்றாள் சில்வி. என்னை வெறும் சம்பிரதாயத்துக்குத்தான் கேட்டாள்.

வேலை பார்த்த காலத்தில் எத்தனையோ விண்ணப்பங்களுக்கு நான் சம்மதம் எழுதியிருக்கிறேன். எல்லாம் விதியைப் பார்த்து எழுதியவை. அன்று என் கை என்னைக் கேட்காமலே ஆதரவுப் பக்கம் எழும்பியது.

அறை அல்லோலகல்லோலப்பட்டது. "துரோகம்! செயலாளரைக் கைது செய்யுங்கள்!" என்று ஸ்லிமான் மேசையில் அடித்தார். றெஜினா கண்ணில் தண்ணி வர வரச் சிரித்தாள். மதாம் லான் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையைச் சற்றே தாழ்த்தினார்.

5

றெஜினா நல்லவள். அவள் கெட்ட எண்ணத்தோடு ஒன்றும் செய்யவில்லை. ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து தேநீர் குடிக்கும்போது, வகுப்பில் நடந்த பகிடி என்று இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறாள். அந்த இரண்டு பேரும் வேறு ஆட்களுக்குச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறு அது ஜெராட்டின் காதுக்கு வந்தபோது தீவும் இல்லை, ஆளுநரும் இல்லை. வயசுபோன ஆக்களுக்கு அரசாங்கம் காசு தரவேண்டுமென்று அவன்ரை தகப்பன் வகுப்பிலை கையைத் தூக்கினவராம், மகன் சரியாப் பாக்கிறேல்லைப் போல என்பது மட்டும்தான் மிச்சம்.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே முன்னால் வந்து நின்றான். தரைவிரிப்பில் பனி கரைந்தது.

"அப்பா, உங்களுக்கு நான் என்ன குறை வைச்சனான்? சொல்லுங்கோ."

"ஒரு குறையும் இல்லை தம்பி."

"பிறகேன் வெல்பெயர் கேட்டனீங்கள்? சனம் என்ரை முகத்துக்கு நேரை கேக்குது."

"நான் கேக்கேல்லையடா. அது வகுப்பிலை ஒரு விளையாட்டு."

"விளையாட்டிலை ஆரும் வெல்பெயர் கேக்கிறதோ?"

உள்ளே போய் அலுமாரியிலிருந்து ஒரு உறையை எடுத்து வந்து மேசையில் வைத்தான். அந்தப் பத்திரம். இங்கே வந்ததற்கு அன்றுதான் முதல் தரம் அதைக் கண்ணால் பார்த்தேன். பழக்கத்தில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். நல்ல பத்திரம், சந்து பொந்து விடாமல் எழுதியிருந்தார்கள். அடியில் என் மகனின் கையெழுத்து.

"இதை வேலை இடத்திலை, சாப்பாட்டு இடைவேளைக்குள்ளை நிண்டு வைச்சனான்" என்றான். "விளங்கினதோ எண்டு கேட்டாங்கள். ஓம் எண்டனான். பாதி விளங்கேல்லை. அப்பாவை எடுத்தாச் சரி எண்டிருந்தது."

நிர்மலா குசினி வாசலில் நின்றாள். "என்ரை அம்மான்ரை அப்ளிகேசன் கிடக்கு மாமா. நீங்கள் வெல்பெயர் எடுத்தா அவவை எங்களாலை எடுக்கேலாது. அவ அங்கை ஷெல்லடிக்குள்ளை தனிய."

அப்போதுதான் ஷெரின் வெளியே வந்தாள். "அப்பப்பா கேக்கேல்லை!" என்றாள். "அவர் வேண்டாம் எண்டுதான் சொன்னவர். நான்தானே எழுதிக் குடுத்தனான். அரசாங்கம் நடுவிலை வரக்கூடாது எண்டு."

"அப்ப ஏன் கையைத் தூக்கினவர்?" என்றான் ஜெராட்.

ஷெரின் என் பக்கம் திரும்பினாள். அவளுக்கு இது தெரியாது. பேச்சுக்குக் கைதட்டினார்கள் என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன்.

"தூக்கினீங்களா?"

"ஓம் பிள்ளை."

"நான் எழுதினதை ஏன் மாத்தினீங்கள்?"

மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மதாம் லானைப் பற்றிச் சொல்லலாம். சவீனாவைப் பற்றிச் சொல்லலாம். ஆனால் எங்கே தொடங்குவது? சவீனாவுக்கு முன்னால் கச்சேரியைச் சொல்ல வேண்டும், பிச்சைச் சம்பளத்தைச் சொல்ல வேண்டும், நான் அங்கே எப்படிப்பட்ட மனிதனாக இருந்தேன் என்று சொல்ல வேண்டும். வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் அவ்வளவு நீளமான கதை ஒன்றை நான் சொன்னதே இல்லை. ஷெரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நாளைக்கு நான் வந்து உங்கடை டீச்சரிட்டைக் கேக்கிறன்" என்றான் ஜெராட்.

6

சொன்னபடியே வந்தான். பன்னிரண்டு மணிக்குச் சற்று முன், வேலைச் சப்பாத்தோடும் களஞ்சியத்தின் நீல மேற்சட்டையோடும் பதினான்காம் அறை வாசலில் நின்றான். மற்றவர்கள் மேலங்கிகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அவன் பிரெஞ்சு பேசி நான் கேட்டது அன்றுதான். தடையே இல்லை. சொற்களை இந்த ஊர்க்காரர் போலவே மூக்கால் இழுத்துப் பேசினான். என் மகன் எனக்குப் பாதிதான் விளங்கும் மொழியில் இவ்வளவு இலேசாக நிற்கிறான் என்று பெருமையாகவும் இருந்தது, அந்நியமாகவும் இருந்தது. தன் அப்பா ஏதாவது விண்ணப்பம் கொடுத்தாரா, ஏதாவது படிவம் கேட்டாரா என்று கேட்டான். சில்விக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பலகையில் மூலையில் இன்னும் அழிக்காமல் இருந்த மாங்காயைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினாள். தீவு, தலைவரி, ஆளுநர், செயலாளர். ஜெராட் கேட்டுக்கொண்டே வந்து, செயலாளர் கட்சி மாறிக் கை தூக்கிய இடத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு மூச்சு வந்தது.

"கவலைப்படாதீர்கள்" என்றாள் சில்வி. "உங்கள் அப்பாதான் இந்த வகுப்பிலேயே அதிகம் பேசுபவர். சில நாட்களில் மற்றவர்களுக்கு இடம் வேண்டும் என்று நான்தான் அவரை நிறுத்துகிறேன்."

ஜெராட்டின் சிரிப்பு நின்றது.

"இவரா?" என்றான். "இவர் பேசுகிறவரா?"

பகிடிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டான். சில்வி அவனையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. நான் தொப்பியைத் தேடுவது போலக் குனிந்துகொண்டேன்.

காரில் ஏறினோம். அந்தப் பனிக்காலம் கொட்டித் தீர்த்தது. தெருவின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனி. வகுப்பிலிருந்து வீட்டுக்கு ஐந்து நிமிட ஓட்டம்தான். கண்ணாடி துடைக்கும் தடி போய்ப் போய் வந்தது.

"சனத்தின்ரை கதையைக் கேட்டுக் கத்திப்போட்டன்" என்றான். "மனசிலை வைக்காதையுங்கோ."

"சீ, அதுக்கென்ன."

சந்தியில் சிவப்பு வெளிச்சத்துக்குக் கார் நின்றது. அவன் என் பக்கம் திரும்பினான். தாடியில் நரை விழுந்திருந்தது. அது எப்போது தொடங்கியது என்று எனக்குத் தெரியாது.

"அப்பா, அங்கை என்ன கதைக்கிறனீங்கள்?"

"எல்லாம்தான். அவை கேப்பினம், நான் சொல்லுவன்."

"ஏன் கையைத் தூக்கினனீங்கள்?"

"அது... அங்கை லான் எண்டு ஒரு மனுசி. பிறகு, நான் கச்சேரியிலை இருக்கேக்கை சவீனா எண்டு ஒரு ஆள் வந்தவ. அவவுக்கும் ஒரு மகன்..."

கார் வீட்டு வாசலில் நின்றது. நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். சவீனாவின் ஊர், அவள் முதல் தரம் வந்த நாள். ஜெராட் ஸ்டியரிங்கில் கை வைத்தபடி உண்மையாகவே கேட்டுக்கொண்டிருந்தான். அப்போது பின்னால் பனி அள்ளும் இயந்திரம் வந்து ஹோர்ன் அடித்தது. அதற்குப் பின்னால் லொறி. தெருவை மறிக்க முடியாது. மறுபடியும் அடித்தது. அவன் மணிக்கூட்டைப் பார்த்தான்.

"பேந்து சொல்லுங்கோ அப்பா. வேலைக்குப் பிந்துது."

நான் இறங்கினேன். கதவைச் சாத்த முதல் அவன் குனிந்து, "படியிலை கவனம்" என்றான். கார் போனது, இயந்திரம் போனது, லொறி போனது.

அதன் பிறகு கோயிலில் கதையும் அடங்கிவிட்டது. றெஜினா என்னிடம் வந்து அழுது மன்னிப்புக் கேட்டாள். நிர்மலாவின் தாயுடைய விண்ணப்பத்துக்கு ஆனியில் ஒரு கடிதம் வந்தது. இன்னும் இரண்டு படிவங்கள் கேட்டிருக்கிறார்கள். ஷெரின் எனக்கு மறுபடியும் "ஓம்", "இல்லை" என்று பதில் சொல்கிறாள். குசினி மேசையில் வந்து இருப்பதில்லை. எங்கள் வகுப்பு கோடை தொடங்கும்போது முடிந்தது. அடுத்த நிலைக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன்; காத்திருப்போர் பட்டியல் நீளமாம், கடிதம் வரும் என்றார்கள்.

ஜெராட் திரும்பக் கேட்கவில்லை. மறந்திருப்பான். அவனுக்கு நினைக்க எவ்வளவோ இருக்கிறது. நானும் போய் நினைவூட்டவில்லை. கேட்காமல் சொல்லப்போனால் குறை சொல்வது போல ஆகிவிடும். ஆனால் எங்கே தொடங்குவது என்று இப்போது எனக்குத் தெரியும். சவீனா மூன்றாம் தரம் வந்த நாளில் தொடங்கினால் பத்து நிமிடத்துக்குள் சொல்லி முடிக்கலாம்.

காலையில் அவன் ஒன்பது மணிக்கு எழும்புவான். வகுப்பில்லாத இந்த நாட்களில் எட்டரைக்கே தேநீருக்குத் தண்ணீரை வைத்துவிட்டு நான் குசினியில் இருக்கிறேன்.